ஷஃபி பாய் வீட்டு மீன்

ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கும்போதே ஷஃபி பாயின் கண் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கத்துக் கொடிக்கம்பத்துக்குப் போய்விடும். கட்சிக்கொடி படபடத்தால் பேசாமல் மிஷினை மிதிப்பார். துவண்டு தொங்கினால் போச்சு. ஊசியைத் துணியில் குத்தியபடியே நிறுத்திவிட்டு எழுந்துகொள்வார். "சார், காத்து உழுந்துடுச்சு. நான் கெளம்புறேன், நீங்க நாளைக்கு வாங்க." என் சட்டைக்குக் காலர் வைக்கும் நாள் இப்படியே தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடைக்கு அவசரக்காரர்கள் யாரும் வருவதில்லை. ஆனால் அவர் தைத்த சட்டையைப் போட்டுப் பழகியவன் வேறு கடைக்குப் போக மாட்டான். நானும் அந்த ரகம்தான்.

ஓமனில், சலாலாவில், பல வருடம் தையல் வேலை பார்த்தவர். அங்கே வாடிக்கையாளர் ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும் இவரைக் கடற்கரைக்கு அழைத்துப் போய், இரையே இல்லாமல் மீன் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தாராம். புழு கிடையாது, இறால் கிடையாது. தூண்டில் முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றிக் குட்டி மீன் மாதிரி ஒன்றைக் கட்ட வேண்டும். அதற்குக் கனமே இருக்காது, காற்றடித்தால் பறந்துவிடும். ஆகவே தடித்த தூண்டில் கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, அந்த வீச்சிலேயே அதைத் தண்ணீரில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இவர் ஊருக்குக் கிளம்பும்போது, இதற்கென்றே இருக்கும் தூண்டில் கோல் ஒன்றை அந்த மனிதர் பரிசாகக் கொடுத்தார். மற்றவர்கள் பெட்டியில் தங்கமும் கம்பளியும் கொண்டுவர, இவர் கோலைக் கொண்டுவந்தார். பாயின் மனைவி ஜெயினம்பு அதை இன்னும் மன்னிக்கவில்லை.

கோழிக்கடை இறகும் கல்யாண ரவிக்கையில் மிஞ்சிய ஜரிகைத் துணுக்கும் பாயின் கையில் சேர்ந்தால் மடவை மீன் குஞ்சு ஆகிவிடும். தையல்காரர் கை அல்லவா, கட்டு அத்தனை நேர்த்தியாக இருக்கும். கட்டி முடித்ததும் குறடு ஒன்றை எடுத்து, முள்ளின் நுனியில் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாக்கை நசுக்கிவிடுவார். அந்த நாக்கு இருந்தால்தான் மாட்டிய மீன் நழுவாது. மீனின் மேல் இத்தனை இரக்கமா என்று வியந்து கேட்டேன். "மீனுக்காக இல்ல சார். ஒருக்கா வீசும்போது என் காதுலயே மாட்டிக்கிச்சு. நர்ஸம்மா சிரிச்சுக்கிட்டே எடுத்துச்சு. அதுலேர்ந்து நசுக்கிடுறது."

விளைவு, மீன் மாட்டும், ஒரு உதறு உதறும், போய்விடும்.

இதற்கு வாகனம் ஒரு கயாக், ஒற்றை ஆள் உட்காரும் துடுப்புத் தோணி. பொம்மையார்பாளையத்து ரிசார்ட் ஒன்றில் வெயிலில் வெளுத்துக் கிடந்ததை வாங்கிவந்தார். வீட்டுக் கூடத்தில் பாதியை அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஜெயினம்பு துவைத்த துணியை மடித்து அதில்தான் அடுக்குகிறார். விருந்தாளி வந்தால் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் நடந்து உள்ளே போக வேண்டும்.

கொடி தொங்கும் நாளில் அதைச் சின்ன வண்டியில் வைத்து மொபெட்டின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊரை ஒட்டிய கழுவெளி உப்பங்கழிக்குப் போவார். உப்பளத்துக்கு உவர்நீர் பிரியும் வாய்க்காலின் மதகடிதான் அவர் இடம். நிழலில் கொடுவா மீன் நிற்கும் என்பது அவர் கணக்கு. கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் கயாக்கில் உட்கார்ந்து கயிற்றை வீசுவார். பாத்தியில் உப்பு வாரும் பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "பாய் யாருக்கோ டாட்டா காட்டுறாருடீ" என்று சிரிப்பார்கள். பாயும் கையை உயர்த்திக் காட்டுவார். வாரம் பூராவும் அடுத்தவர் அளவுக்கே வாழ்கிற மனிதர் அங்கே மட்டும் தன் அளவுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றும். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் வீட்டுக்கு ஒரு மீன் வந்ததில்லை. கேலி தாங்காமல் போன வருடம் ஒரு காரியம் செய்தார். மார்க்கெட்டில் மீன் விற்கும் கொளஞ்சியிடம் ஒரு சங்கரா வாங்கி, உதட்டில் முள்ளால் ஓட்டை போட்டு, "மாட்டிச்சு" என்று கொண்டுபோய்க் கொடுத்தார். சங்கரா ஆழ்கடல் மீன். இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த ஜெயினம்பு அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "சங்கரா எப்போங்க கழுவெளிக்கு வந்துச்சு? ஈசிஆர்ல பஸ் புடிச்சு வந்துச்சா?"

பாய் சிரித்துச் சமாளித்துவிட்டார். அடி வாங்கியது ஜெயினம்புதான். கதை கொளஞ்சி காதுக்கும் எட்டிவிட்டது. மறுநாளிலிருந்து மார்க்கெட்டில் ஜெயினம்பு தலையைக் கண்டாலே கொளஞ்சி எட்டூருக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுவாள். "இன்னா பாயம்மா, பாய்க்கு இன்னிக்கி இன்னா மீனு மாட்டணும்? சொல்லு, எடுத்து வைக்கிறேன்!" பொறுத்துப் பார்த்த ஜெயினம்பு இந்தத் தை மாதம் தீர்ப்பு சொல்லிவிட்டார். "நோம்பு வர்றதுக்குள்ள ஒரு மீனு, உங்க கையால புடிச்சது, வூட்டுக்கு வரணும். இல்லாட்டி தோணி ரிசார்ட்டுக்கே போயிடும். அந்த ஆளு திரும்பக் கேட்டுக்கிட்டுதான் இருக்காரு." ரிசார்ட்காரர் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாக நாளும் குறித்தாகிவிட்டது.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த பாய் கொடியைப் பார்த்தார். தொங்கியது. இதுதான் கடைசியாக இருக்கும் என்று நினைத்து நானும் கூடப் போய்க் கரையில் நின்றேன். வழக்கம்போல வீசினார், இழுத்தார், வீசினார். திடீரென்று கயாக் தானாகத் திரும்பி மதகை விட்டு நகர ஆரம்பித்தது. "சார்! இழுக்குது சார்! என்னையே இழுக்குது!" கோல் வில்லாக வளைந்துவிட்டது. கயிறு தொய்ந்தால் முள் கழன்றுவிடும் என்பதால், மீன் போன பக்கமெல்லாம் முழங்காலால் துடுப்பைத் தட்டித் தட்டித் தானும் போனார். உப்பு வாரிய பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடிவந்தார்கள். கடைசியில் தோள் துண்டை விரித்து, குழந்தையை அள்ளுவதுபோல மடியில் அள்ளினார். கொடுவாதான். டேப்பை எடுத்து மீனின் சுற்றளவை முதலில் அளந்தார், பழக்க தோஷம்.

உப்பளத்தில் வாங்கிய வாளியில் தண்ணீர் நிரப்பி, மீனை விட்டு, நான் சுமந்து வந்தேன். ஜெயினம்பு வாளியை எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"கொளஞ்சிகிட்டயா?"

"அல்லா மேல ஆணையா நான் புடிச்சது. சாரைக் கேளு."

"சாரு உங்ககிட்ட சட்டை தெக்கக் குடுத்துட்டு நடையா நடக்குறவரு. அவரு வேற என்னா சொல்வாரு?"

நியாயமான சந்தேகம். ஜெயினம்பு குனிந்து செவுளைத் தூக்கிப் பார்க்க விரலை நீட்டினார். கொடுவா வாலால் ஓங்கி ஒரு அடி அடித்தது. முக்காடு, முகம், சுவர்க் காலண்டர் எல்லாம் நனைந்தது. மார்க்கெட்டு மீன் துள்ளாது. ஜெயினம்பு முகத்தைக்கூடத் துடைக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வருமளவு சிரித்தார். பாய் மட்டும் சிரிக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னாங்க நிக்கிறீங்க? அந்த ரிசார்ட்டு ஆளுக்கு போன் போட்டு, வர வேணாம்னு சொல்லுங்க."

சாயங்காலம் குழம்பு இறங்கியது. எங்களுக்குத் தட்டு வைப்பார் என்று காத்திருந்தோம். ஜெயினம்பு நடுத்துண்டாக இரண்டு எடுத்துக் கிண்ணத்தில் போட்டு மூடி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலில் இறங்கினார். பாயும் நானும் பின்னாலேயே போனோம். மார்க்கெட்டில் நல்ல கூட்டம். கொளஞ்சி யாருக்கோ வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜெயினம்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கொளஞ்சியின் மீன் பலகை மேல் ஆவி பறக்கும் கிண்ணத்தை வைத்து, எல்லோரும் பார்க்க மூடியைத் திறந்தார்.