மேற்கு பார்த்த கேலரி

என் அண்ணனின் வலது முழங்காலை என் கணவர் உடைத்தது, எங்கள் மகளுக்குக் காது குத்திய அன்று மத்தியானம். சொத்துத் தகராறு இல்லை, பழைய பகை இல்லை. ஊர்க் கால்பந்து கிளப் ஆட்டம் பார்ப்பவர்கள் உட்கார எப்போதோ கட்டிய ஒரு கேலரிதான் காரணம். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். கேரளத்தில், பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே, கோவிந்தாபுரம் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

முன்பெல்லாம் கிரவுண்டைச் சுற்றி மண்மேடுதான். நானும் அண்ணனும் அதில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்து வளர்ந்தவர்கள். பிறகு அண்ணன் கிளப்பில் வலது விங்கில் ஆடினான். ஓரக்கோட்டை ஒட்டிப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது. எனக்குக் கல்யாணமான புதிதில் என் கணவர்தான் கிளப் செயலாளர். கான்கிரீட் கேலரிக்கு உத்தரவு வந்தபோது, மேற்குப் பக்கம் கட்டுவதென்றால் பக்கத்துத் தோப்புக்காரரிடம் இடம் கேட்க வேண்டும். அந்த மனிதரோடு கமிட்டிக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் கிழக்குப் பக்கமே கட்டிவிட்டார்கள். உட்கார்ந்தால் சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் குத்தும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். படிகள் கிரவுண்டுக்குள் இறங்கி வந்து அகலத்தைத் தின்றுவிட்டன. பதினொரு பேர் ஆடும் லீகுக்கு இந்த இடம் போதாது என்று லீக் நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் மட்டும்தான். அண்ணன் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டான்.

அன்று விருந்து முடிந்து ஆண்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். புதுக் கமிட்டி கேலரியை இடிக்கப்போகிறது என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"கட்டும்போதே சொன்னனுங்க மாப்ள," என்றான் அண்ணன். "வெயிலு எந்தப் பக்கம் அடிக்குதுன்னு ஆடு மேய்க்கறவனக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்."

"அன்னைக்குக் கட்டாம உட்டிருந்தா இன்னைக்கும் மண்ணுலதான் உக்காந்திருப்பீங்க மச்சான்," என்றார் கணவர். "மொதல்ல கேலரி, அப்புறமா கிரவுண்ட அகலம் பண்ணிக்கலாம்னுதான் முடிவு பண்ணுனம்."

"எப்பங்க பண்ணுனீங்க? மண்ணுல உக்காந்திருந்தாலும் லீகு ஆடிட்டிருப்பமுங்க."

"லீகு ஆடி என்னத்தக் கிழிச்ச? நீ ஓடுனதெல்லாம் ஒரு ஓட்டமா? கேலரி இல்லீன்னாலும் உன்னய ஒருத்தனும் எடுத்திருக்க மாட்டான்."

மரியாதை விழுந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மச்சானை நீ என்று கூப்பிட்டால் அடுத்தது கைதான்.

அண்ணன் உட்கார்ந்திருந்த நாற்காலியையே தூக்கி அடித்தான். அதன் கால் பட்டு என் கணவரின் நெற்றி பிளந்தது. இரத்தம் புருவத்தில் நின்று, பிறகு புது வேட்டியில் கொட்டியது. அவர் எழுந்து பந்தல் ஓரத்திலிருந்து ஒரு இரும்புக் குழாயை உருவினார். அவருடைய சொந்தக்காரர்கள் இரண்டு பேர் அண்ணனைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள். சண்டையை நிறுத்தத்தான் பிடித்தோம் என்று பிற்பாடு சொன்னார்கள். தலையில் அடித்திருக்கலாம், தோளில் அடித்திருக்கலாம். என் கணவர் குனிந்தார். முழங்காலைப் பார்த்து அடித்தார். பச்சை மட்டை முறிவதுபோல ஒரு சத்தம். அதே இடத்தில் இன்னொரு அடி. நான் ஓடிப்போய்க் குழாயைப் பிடித்தபோது என் மணிக்கட்டிலும் பட்டது. அண்ணன் உதட்டைக் கடித்துக் கிழித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பிக் கிடந்த காலையே பார்த்தான்.

சேதி போன வேகத்தில் அண்ணனோடு ஆடியவர்கள் வண்டிகளில் வந்து இறங்கினார்கள். எங்கள் வீட்டில் ஒரு ஜன்னல் மிச்சமில்லை. புளியோதரை அண்டாவைக்கூடக் கவிழ்த்து மிதித்துவிட்டுப் போனார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு நான் மாட்டுக்கொட்டகையில் நின்றேன்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தது. வாக்குமூலத்தை இங்கே மொழி என்பார்கள். மொழி கொடுக்கப் போகும்முன் மாமியார் என் கையைப் பிடித்தார்.

"தள்ளுமுள்ளுல பட்டுருச்சுன்னு சொல்லிரு கண்ணு. அவன் உள்ள போயிட்டா உனக்கும்தான் கேடு."

எஸ்.ஐ. மலையாளத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். "குனிஞ்சு, காலப் பாத்து அடிச்சாருங்க. ரெண்டு தடவ."

கணவரை ரிமாண்டில் வைத்தார்கள். ஜாமீனில் வந்த அன்று, நெற்றித் தையல் காய்ந்திருக்க, சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டார்.

"எதுக்கு அப்பிடிச் சொன்ன?"

"பாத்ததச் சொன்னனுங்க."

அவர் கை ஓங்கியது. நான் கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்கவில்லை. கையை இறக்கிக்கொண்டு சோறு கேட்டார். போட்டேன். தின்றுகொண்டே, மேற்கே கட்டியிருந்தால் தோப்புக்காரர் கேஸ் போட்டு வேலையே நடந்திருக்காது என்றார். நான் எழுந்து போய்விட்டேன்.

அண்ணன் காலில் கம்பி வைத்தார்கள். முட்டி மடங்கவில்லை. கேஸ் இழுத்தது. கடைசியில் அண்ணன் சமாதானமாக முடித்துக்கொள்ளச் சம்மதித்தான்.

"எனக்காவ உட்டுறாத," என்றேன்.

"உனக்காவ ஒண்ணுமில்ல. வாய்தா வாய்தாவுக்கு நொண்டிட்டு வர முடியல, அவ்வளவுதான்."

அது உண்மைதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்து கோர்ட்டு வாசல் படியிறங்கும்போது, என் கணவர் அண்ணனின் முழங்கையைப் பிடித்து உதவப் போனார். அண்ணன் கைத்தடியைத் திருப்பிப் பிடித்து அவர் வாயில் ஒன்று போட்டான். ஒரு பல் படியில் தெறித்தது. சுற்றி வக்கீல்கள், போலீஸ்காரர்கள், டீ குடிக்க வந்தவர்கள். ஒருவரும் அசையவில்லை. கணவர் திருப்பி அடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை நான் குறுக்கே போகவில்லை.

நானும் அண்ணனும் ஒரு ஆட்டோ பிடித்தோம். அவர் பஸ்ஸில் வந்தார்.