திருக்கை வலையில் கடற்பன்றி

கரவெட்டியில் அம்மாவும் அப்பாவும் நான் பல்கலைக்கழக வளாகத்தில் அணில் எண்ணுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு வாரம் அது உண்மைதான். விலங்கியல் படிப்பின் கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். அது எண்பத்தாறாம் ஆண்டு. சண்டையால் வன்னிக் காடுகளுக்குப் போக வழியில்லை. "தூர இடம் ஒண்டும் வேண்டாம், உதுக்குள்ளையே ஏதாவது பாருங்கோ" என்று மேற்பார்வையாளர் சொன்னதால் வேப்பமரங்களுக்குக் கீழே கொப்பியோடு நின்றேன்.

நான் அறை எடுத்திருந்த வீட்டு அன்ரியோடு ஒரு சனிக்கிழமை குருநகருக்கு மீன் வாங்கப் போனதில்தான் எல்லாம் மாறியது. மீன் வெட்டும் பலகையில் ஒருவர் மாட்டிறைச்சி போலச் சிவந்த பெரிய இறைச்சித் துண்டுகளை வெட்டிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கடற்பன்றி" என்றார்.

அந்த விலங்கைப் புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்திருந்தேன். மீன் அல்ல, குட்டி போட்டுப் பால் கொடுப்பது. கடலடியில் வளரும் புல்லை மேய்ந்துவிட்டு, மூச்செடுக்க நீர்மட்டத்துக்கு வருவது. எங்கள் கடலில் அது ஏறக்குறைய அழிந்துவிட்டது என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்றும் படித்திருந்தேன். ஆனால் அந்தக் காலத்தில் அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டு குருநகருக்கு வர ஒருவரும் இல்லை.

வெட்டிக்கொண்டிருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு கறுத்துப்போய்க் கிடந்தது. பக்கத்தில் நின்று இறைச்சியைப் பொட்டலம் கட்டியவர் அவருடைய மனைவி. அடுத்த கிழமையும் போனேன், அதற்கடுத்த கிழமையும் போனேன். அவரை அண்ணை என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிடத் தொடங்கினேன். கடற்பன்றி மேயுமிடத்தை ஒருதரம் காட்டுவீர்களா என்று கேட்டபோது அவர் சிரித்தார்.

"நீங்கள் எழுதினா அது கூடுமோ தங்கச்சி?"

"எழுதாட்டி அது இருக்கிறதே ஒருத்தருக்கும் தெரியாது அண்ணை."

"எங்களுக்குத் தெரியும்" என்றார்.

கடைசியில் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். "திருக்கைக்கு விடுற வலையிலை அது பட்டா, அது என்ரை. நீங்கள் அளக்கலாம், வயித்தைக் கிழிச்சுப் பாக்கலாம். விடச்சொல்லி மட்டும் கேக்கக்கூடாது."

சம்மதித்தேன். வெறுமனே சம்மதிக்கவில்லை, அது படவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது எந்தப் புல்லைத் தின்கிறது என்று சொல்ல அதன் இரைப்பை வேண்டும். அதைக் கெடாமல் வைக்க ஃபோர்மலின் ஊற்றிய பெரிய போத்தல் ஒன்றைப் பன்புல் பையில் சுற்றிக் கொண்டுபோனேன். இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பங்குனி மாதம், காற்று விழுந்திருந்த காலம். என் தமையனின் சேர்ட்டை மேலே போட்டுக்கொண்டு, அக்கா தந்த ஓலைத் தொப்பியோடு விடிந்தபின் வள்ளத்தில் ஏறினேன். வெளிச்சம் வரமுன் கடலில் நிற்பவர்களைக் கடற்படை சுடும் என்பதால் ஒருவரும் இருட்டில் போவதில்லை. மண்டைதீவைத் தூரத்தே விட்டு, அண்ணை கோல் ஊன்றி ஆழங்குறைந்த பக்கமாகவே போனார். ஒன்றரை மணித்தியாலம் கழித்து, "கீழை பாருங்கோ" என்றார்.

தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. அடியில் கடற்புல், அவர்கள் சாதாழை என்று சொல்வது, வயல் போல விரிந்து கிடந்தது. அதற்குள் வளைந்து வளைந்து, வேரோடு பிடுங்கப்பட்ட வெறுமணல் கோடுகள். கடற்பன்றி மேய்ந்த தடங்கள். நான் கயிற்றில் கட்டிய சதுரச் சட்டத்தை இறக்கி, அதற்குள் அகப்பட்ட புல்லை எண்ணத் தொடங்கினேன். அவர் முதல்நாள் விட்டிருந்த வலையைத் தேடி இழுத்தார். இரண்டு திருக்கைகள் வந்தன. பிறகு வலை வரவில்லை. வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது.

"பட்டிட்டுது" என்றார். குரலில் சந்தோஷம்.

சாம்பல் நிற முதுகொன்று எழுந்து புரண்டது. வாலில் வலை இறுகச் சுற்றியிருந்தது. வள்ளத்தில் பாதிக்கு மேல் நீளம். அது தலையை உயர்த்தப் பார்த்தது. வலையின் பாரம் கீழே இழுத்தது. மூக்கு வெளியே வரும்போது புஸ்ஸென்று மூச்சு விடும், உடனே அமிழ்ந்துவிடும். அண்ணை கத்தியை எடுக்கவில்லை. அது களைத்துத் தானாக மூச்சடங்குவதுதான் வழக்கம் என்றார்.

நான் கொப்பியை எடுத்து அது மூச்செடுக்கும் நேரத்தைக் குறித்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. பிறகு ஒன்றரை. பிறகு என்ன நினைத்தேனோ தெரியாது, கொப்பியை வைத்துவிட்டு விளிம்பில் கவிழ்ந்து படுத்து, இரண்டு கையாலும் அதன் தாடையைத் தாங்கிப் பிடித்தேன். மீசைமயிர் வீடு கூட்டும் தும்புத்தடி போலக் குத்தியது. மூச்சு என் முகத்தில் அடித்தது. அறுத்த புல்லின் மணம்.

"உது என்ன செய்யிறியள்?"

"விடச்சொல்லிக் கேக்கேல்லை அண்ணை."

அவர் தெற்கே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் அப்போதுதான் கேட்டது. விமானப்படை ஹெலிகொப்டர்.

ஒளிக்க ஓர் இடமில்லை. அண்ணை நடுவள்ளத்தில் எழுந்து நின்று ஒரு கையில் திருக்கையைத் தூக்கிப் பிடித்தார், மற்றக் கையை விரித்து உயர்த்தினார். மீன்பிடிக்க வந்தவர்கள் என்று காட்ட அதுதான் முறை.

"தங்கச்சி, எழும்பி இரண்டு கையையும் மேலை தூக்குங்கோ!"

"விட்டா அமிழ்ந்திடும் அண்ணை."

"கையை ஒளிச்சா துவக்கு வைச்சிருக்கிறம் எண்டு நினைப்பான். கெதியா!"

ஹெலி எங்கள் மேல் வந்து தாழ்ந்தது. தண்ணீர் சுருண்டு தெறித்தது. தொப்பி பறந்து போனது. வாசலில் ஒருவன் குந்தியிருப்பது தெரிந்தது. அவன் முன்னால் துவக்கு. அண்ணை திரும்பாமலே கத்தினார்: "எனக்கு மூண்டு பிள்ளையள்!"

நான் கையை எடுத்தேன். அந்தத் தலை சத்தமில்லாமல் கீழே போனது.

எழுந்து இரண்டு கையையும் உயர்த்தினேன். மணிக்கட்டில் இருந்த கடிகாரம் கண்ணுக்கு நேரே வந்தது. ஹெலி சுற்றியது. ஒரு நிமிடம். இரண்டு. காலுக்குக் கீழே வள்ளம் அதிர்ந்தது. அது இழுக்கிறது என்று தெரிந்தது. மூன்று. ஹெலி விலகியது, போய்விட்டது என்று நினைத்தபோது திரும்பி மறுபக்கத்தால் வந்தது. நாலு. அதிர்வு நின்றுவிட்டது. எங்களுக்கு எட்டத்தில் தண்ணீரில் வரிசையாகச் சூடு விழுந்தது. எங்கள் மேல் அல்ல. பயப்படுத்தவோ, விளையாட்டுக்கோ. ஐந்து நிமிடம் தாண்டியபோது நான் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

சத்தம் மண்டைதீவுப் பக்கம் தேய்ந்து போனது. அண்ணை திருக்கையைக் கீழே போட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கவே இடுப்பில் இருந்த கத்தியை உருவிக்கொண்டு கடலில் குதித்தார். தண்ணீர் அவருடைய தோள்வரைதான். அமிழ்ந்து, எழுந்து, மூச்செடுத்து, மறுபடி அமிழ்ந்தார். வலை துண்டு துண்டாக மிதந்து வந்தது. பிறகு தோளைக் கொடுத்து அந்தப் பெரிய உடம்பைத் தூக்கினார். அது அசையவில்லை.

"பிடியுங்கோ! மூக்கைப் பிடியுங்கோ!"

பிடித்தேன். மூக்குத் துளைகள் மூடியே இருந்தன. அவர் அதன் விலாவில் கையால் அறைந்தார். திட்டினார், மாதாவைக் கூப்பிட்டார், மறுபடி திட்டினார். துளை இரண்டும் திடீரெனத் திறந்தன. நுரையும் தண்ணீரும் என் சேர்ட்டெல்லாம் அடித்தன. பிறகு ஒரு மூச்சு. இன்னொன்று. நெடுநேரம் அவருடைய தோளில் சாய்ந்து கிடந்தது. பின் வாலை ஒருமுறை அசைத்து, சாதாழைக்கு மேலாக, அவசரமில்லாமல் போய் மறைந்தது.

அண்ணை விளிம்பைப் பிடித்தபடி நின்றார். ஏற அவருக்குச் சக்தி இருக்கவில்லை. "உதை இழுத்துக்கொண்டு போனா மத்தியானமாகும்" என்றார். "அவன் திரும்பி வருவான்." நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார். முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, "அளந்தனீங்களோ?" என்றார்.

"இல்லை அண்ணை."

"சரி."

கரையில் அக்கா நின்றார். சூட்டுச் சத்தம் கேட்டு ஊரில் பாதிப்பேர் அங்கே நின்றார்கள். வலை எங்கே என்று அவர் கேட்டதற்கு, "பாரிலை கொழுவிக் கிழிஞ்சிட்டுது" என்றார் அண்ணை. நான் கடலடிப் பாறையையே கண்டதில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

நாலு நாள் கழித்து, மிஞ்சிய வலையை மடியில் போட்டுப் பின்னிக்கொண்டிருந்த அக்கா என்னைக் கூப்பிட்டு இருத்தினார். "பாரிலை கிழிஞ்ச கண்ணி இப்பிடி இராது. இது கத்தி. என்ன நடந்தது?"

சொன்னேன். கையை எடுத்ததையும் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தாமல் கேட்டார். பிள்ளைகளைப் பற்றி அண்ணை கத்தியதைச் சொன்னபோது மட்டும் ஊசி நின்றது.

"பிடிச்சதை விட்டவர் எண்டு தெரிஞ்சா இஞ்சை சனம் சிரிக்கும்" என்றார். "பிடிச்சவர் எண்டு எழுத்திலை இருந்தா, சட்டம் திரும்பி வாற நாளிலை வேறை கரைச்சல். நீங்கள் உதை ஒரு இடத்திலும் எழுதப்படாது."

"சரி அக்கா."

ஆய்வேட்டில் மேய்ச்சல் தடங்களைப் பற்றி மட்டும் எழுதினேன். அண்ணை இன்னும் இரண்டுமுறை அழைத்துப் போனார், வலை விடவில்லை. ஃபோர்மலின் போத்தலை ஆய்வுகூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாய்மொழித் தேர்வில் ஒரு பரீட்சகர், கண்டிப்பானவர் என்றாலும் நேர்மையானவர், என் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"தடம் இருக்கு. விலங்கு இருக்கெண்டதுக்கு என்ன ஆதாரம்? நீங்கள் ஒண்டையாவது கண்ணாலை கண்டனீங்களோ?"

உள்ளங்கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அந்த நாளின் நேரக்குறிப்புகள் இருந்த தாளைக் கொப்பியிலிருந்து ஏற்கெனவே கிழித்துவிட்டிருந்தேன்.

"இல்லை சேர்" என்றேன்.

அவர் "நேரடி அவதானம் இல்லை" என்று ஓரத்தில் எழுதி, அடியில் கோடிட்டார். வருடக்கணக்கில் நான் படித்து வந்த துறையில் அதைவிடப் பெரிய பொய் சொல்ல எனக்குப் பிறகு ஒருபோதும் வாய்க்கவில்லை. வெளியே வந்து சைக்கிளை எடுத்தபோது, தேர்வில் சித்தியடைந்துவிட்டேன் என்று தெரிந்தும், கொஞ்சத் தூரம் உருட்டிக்கொண்டுதான் போனேன்.