அழித்தவர்: ஸ்டீபன்

திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி மோதி என் தோஸ்து ஸ்டீபன் செத்துப்போன மறுமாதம், நாங்கள் சேர்ந்து செய்துகொண்டிருந்த காலேஜ் புராஜெக்ட் இருந்த அவனுடைய லினக்ஸ் லேப்டாப்பை அவன் அம்மா என்னிடம் கொடுத்தார்.

"புராஜெக்ட்ட நீயே முடிச்சுடு நைனா. அவன் பேரு மட்டும் அதுல வரணும்."

முடித்தேன். முழுப் பெருமையும் எனக்கே வரட்டும் என்று, முதல் பக்கத்தில் இருந்த அவன் பெயரை அழித்தேன். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, 'பெயர் நீக்கம்' என்று குறிப்பு எழுதி, மாற்றத்தைப் பதிவு செய்யும் கமிட் கொடுத்தேன். ஃபைல் மேல் பச்சை டிக் விழுந்தது. யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் லாக்கைச் சும்மா திறந்து பார்த்தேன்.

'பெயர் நீக்கம். செய்தவர்: ஸ்டீபன். ஒரு நிமிடம் முன்பு.'

லாக்கை மூடித் திறந்தேன்; அதே வரிதான். கிளாஸ்மேட் ரஃபீக்குக்கு போன் போட்டேன்.

"மாமு, ஸ்டீபன் கமிட் பண்ணிக்கிறான்டா!"

"பேஜார் பண்ணாத. லேப்டாப் அவனுது, செட்டிங்ல அவன் பேருதான கீது? நீ இன்னா பண்ணாலும் அவன் பண்ணதாத்தான் காட்டும்" என்று சிரித்தான்.

காரணம் புரிந்தும் மனசு ஆறவில்லை. அவனை அவன் கையாலேயே அழிக்க வைத்திருக்கிறேன். லாக்கில் அந்த வரி மேல் ரைட் கிளிக் செய்து, மாற்றியதைப் பழையபடி ஆக்கும் ரிவர்ட் கொடுத்தேன். முதல் பக்கத்துக்கு அவன் பெயர் திரும்பி வந்தது. கமிட் செய்தேன். அதையும் ஸ்டீபன்தான் செய்தான் என்றது லாக்.

அந்த செட்டிங்கை நான் இன்றுவரை மாற்றவில்லை.