நூல் பிடித்து நட்ட காடு

படுவான்கரையில் மழைக்காடு கிடையாது. வாவிக்கு மேற்கே மூன்று மாதம் மழை கொட்டும், எல்லாம் பச்சையாகும். மிச்ச மாதங்களில் முள்ளுப்பற்றையும் புழுதியும்தான். மாடு மேய்க்கிறவருக்கும் தெரிந்த விசயம் இது. ஆனால் துரையின் விளம்பரப் புத்தகத்தில் எங்கள் வறண்ட காடு 'அழியும் நிலையிலுள்ள வெப்பமண்டல மழைக்காடு' ஆகியிருந்தது. அதை நம்பி, தங்கள் கைக்காசைக் கட்டி, முதுகில் அரை வீட்டைச் சுமந்துகொண்டு இளசுகள் வந்து இறங்கினார்கள். தொண்டர்களாம். பயணமாம். காட்டைக் காப்பாற்றப் போகிறார்களாம்.

துரை என்று நானும் வான் சாரதியும் எங்களுக்குள் வைத்த பெயர். அந்த நிறுவனத்தின் பெரிய தலை அவர்தான். வருடத்துக்கு இரண்டு தடவை தன் நாட்டிலிருந்து வந்து முகாம்களைச் சுற்றிப் பார்ப்பார். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளர்.

இந்த வேலை எனக்குச் சுனாமி தந்தது. நாவற்குடாவுக்குக் கிழக்கே கடற்பக்கம் இருந்த எங்கள் வீட்டை அலை கொண்டுபோன பிறகு, பள்ளிக்கூட அகதி முகாமில் பாயோடு பாயாகக் கிடந்தோம். வெள்ளைக்காரர் வந்து ஏதோ கேட்டபோது பதில் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான். அன்றைக்குத் தொடங்கி ஐந்து வருடம் அவர்கள் வாயாக இருந்தேன். கடலே பார்த்திராதவர்கள் மீனவருக்குப் படகு ஓட்டப் பாடம் எடுத்ததையும், சிதைந்த பள்ளிக்கூடத்துச் சுவரில் சிரிக்கும் சூரியன் வரைந்ததையும் நான்தான் தமிழாக்கிக் கொடுத்தேன். சண்டை ஓய்ந்ததும் இதே கூட்டம் வாவியைக் கடந்து காட்டுக்குள் போனது. மனிதர் முடிந்து இப்போது மரங்களின் முறை.

அவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காத ஒன்றைத் தினமும் மரியாதையாகப் பேசுவதற்கு ஒரு வடிகால் வேண்டும். எனக்கு அது பகிடி. முகாம் பார்த்துத் திரும்பும் வழியில் அன்றைய முட்டாள்தனத்தைச் சாரதிக்குச் சொல்லுவேன். அவர் சிரித்துச் சிரித்து ஸ்டியரிங்கைத் தட்டுவார். பின் ஆசனத்தில் துரை, நாங்கள் சந்தோசமான சனங்கள் என்று நினைத்துத் தானும் சிரிப்பார்.

சண்டை ஓய்ந்த மறுவருடம், வைகாசி வெயிலில், ஒரே நாளில் மூன்று முகாம் பார்க்கப் புறப்பட்டோம்.

முதலாவது வவுணதீவில். அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வட்டையின் நடுவில், அடுத்த போகத்துக்கு உழவேண்டிய வயல்வெளியில், கூடாரம் அடித்திருந்தார்கள். அது 'இயற்கைப் புல்வெளி' என்று ஒரு பிள்ளை துரைக்கு விளங்கப்படுத்தியது. வரம்பில் குந்தியிருந்த, அந்த வயலுக்குச் சொந்தக்காரரான போடியார், "இவங்க எப்ப கா போவாங்க?" என்று என்னைக் கேட்டார். அவர் நன்றி சொல்கிறார் என்று நான் துரைக்குச் சொன்னேன். துரை எழுந்து கைகூப்பினார். போடியாரும் வேறு வழியில்லாமல் கைகூப்பினார்.

இரண்டாவது கரடியனாற்றுக்கு அங்கால். அங்கே யானை வராமல் இருக்க மணி கட்டியிருந்தார்கள், மணிக்குக் கீழே பழுத்த வாழைக்குலை தொங்கியது. அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது இன்னும் உள்ளே, தார் ரோட்டை விட்டுக் கிரவல் பாதையில் ஒரு மணித்தியாலம். இளசுகள் மரங்களுக்கு நாடா பிடித்துச் சுற்றளவு எடுத்து, தகரத்தில் இலக்கம் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முகாம் தலைவன், இருபத்தைந்து வயது இருக்கும், துரையின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனான். தன்னுடைய பெரிய கண்டுபிடிப்பைக் காட்டினான். காட்டுக்குள் மரங்கள் நேர்கோட்டில் நின்றன. கொஞ்சத் தூரம் போய்ச் சரியான மூலைமட்டத்தில் திரும்பி மறுபடியும் நேர்கோடு. பழைய ஓடை ஒன்று விதைகளைக் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும் என்றான். மூலைமட்டத்தில் திரும்பும் ஓடை! துரை மூச்சை இழுத்துவிட்டார்.

நான் பார்த்தேன். கதியால்.

மழை தொடங்கும்போது கிளிசிரியாவிலும் பூவரசிலும் தடி வெட்டி வரிசையாக ஊன்றி வேலி அடைப்போம். ஊன்றிய தடி வேர்விட்டுத் துளிர்க்கும். அதுதான் கதியால். வருடாவருடம் வெட்டிவிட்டால் வேலி. வெட்ட ஆளில்லாமல் இருபது வருடம் போனால் காடு. மூலையில் ஒரு கிணறு, கல்லுக்கட்டோடு. பக்கத்தில் வீட்டு எலுமிச்சையான தேசிமரம் ஒன்று, தகரத்தில் 'காட்டுத் தேசி' என்று எழுதித் தொங்கியது. செவ்வரத்தை கூட நின்றது. காட்டில் யார் சாமிக்குப் பூ வைத்தார்களாம்? இது ஒரு வீட்டு வளவு. பார்த்த உடனே தெரிந்தது.

வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பகிடி முடிந்துவிடும். இருந்தவர்கள் யாரோ, செத்தார்களோ கனடா போனார்களோ என்று நினைத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியான நினைப்பு.

முகாமில் சமைத்த பெண் தேத்தண்ணி கொண்டுவந்தார். ஐம்பதை நெருங்கிய, எலும்பும் தோலுமான உடம்பு. என்னிடம் நீட்டும்போது, "குடிங்க தங்கச்சி. இந்தக் கிணத்துத் தண்ணி கசக்காது. சுத்திவர எல்லாக் கிணறும் கசக்கும், இது மட்டும் கசக்காது" என்றார்.

"எப்படி அக்கா தெரியும்?"

"தெரியும்" என்றார். பிறகு மரவரிசையைப் பார்த்து, "நல்லா வளந்திட்டு என்ன?" என்றார். ஓம் என்றேன். என் கண் துரையின் மேல் இருந்தது. அவர் ஒரு பூவரசைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் துரை அறிக்கை சொல்லச் சொல்ல எழுதினேன். அந்த இடத்தில் முன்பு ஆட்கள் குடியிருந்தார்களா என்று பிரதேச செயலகம் கேட்டிருந்தது. இல்லையென்றால்தான் முகாமுக்கு அனுமதி நீளும். மரங்கள் தாமாகவே வரிசையாக முளைத்திருக்கின்றன, குடியிருப்பின் அடையாளம் இல்லை, இதைத் தமிழில் எழுதிக் கொடு என்றார். நான் எழுதினேன். சும்மா எழுதவில்லை, சோடித்து எழுதினேன். 'இயற்கை அன்னை தன் கையாலேயே நூல் பிடித்து நட்டது போன்ற அதிசய மரவரிசை. மனிதக் கை பட்ட அடையாளம் எள்ளளவும் இல்லை.' வாசிக்கிற அதிகாரி விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். சாரதிக்கு வாசித்துக் காட்டினேன். வவுணதீவுப் பாலத்தடியில் வானை நிறுத்திவிட்டு அவர் கண்ணைத் துடைத்தார். கீழே மொழிபெயர்ப்பாளர் என்று போட்டு, என் கையெழுத்தை வடிவாக வைத்தேன்.

நான்கு மாதம் கழித்துப் பிரதேச செயலகத்தில் விசாரணை. அந்தக் காணிக்கு ஒருவர் உரிமை கேட்கிறாராம், துரைக்கு மொழிபெயர்க்க நான் வரவேண்டுமாம். போனேன். வாங்கில் அந்தச் சமையற்காரி உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி கேட்க அவர் சொன்னார். அது அவருடைய வளவு. சண்டையில் புருசனோடு ஓடி வாவியைக் கடந்தார். புருசனை வழியில் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. காணி உறுதிப் பத்திரத்தைக் கவனமாக இருக்கட்டும் என்று கடற்கரையில் இருந்த தமக்கையின் வீட்டுப் பெட்டிக்குள் வைத்தார். அலை வந்து தமக்கையையும் பெட்டியையும் கொண்டுபோனது. சண்டை முடிந்து வந்து பார்த்தால் வளவுக்குள் கூடாரம். துரத்திவிடுவார்கள் என்ற பயத்தில், ஒன்றும் சொல்லாமல், தன் வளவிலேயே சமையல் வேலைக்குச் சேர்ந்தார். காணி அதிகாரி ஒருநாள் வருவார், வேலியைக் காட்டலாம் என்று காத்திருந்தார்.

"வேலி எங்க?" என்றார் அதிகாரி.

"வெட்டிற்றாங்க ஐயா."

உண்மைதான். கிளிசிரியா வெளிநாட்டு மரமாம், நம் நாட்டுக் காட்டைக் கெடுக்குமாம். ஒன்பதாயிரம் கிலோமீற்றர் பறந்து வந்தவர்கள் அதை அந்நியன் என்று சொல்லி அடியோடு தறித்திருந்தார்கள். அங்குமிங்கும் நாலைந்து பூவரசு மட்டும் மிச்சம்.

"கிணறு கிடக்கு ஐயா" என்றார் அந்த அக்கா.

"காட்டுக்குள்ள கிணறு ஆரும் வெட்டுவாங்க. இயக்கப் பொடியனுகள் வெட்டினதாயும் இருக்கலாம்." அதிகாரி கெட்டவரில்லை, களைத்தவர். கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். என் தாள். சிரிக்காமல், சொல் சொல்லாக, உரக்க வாசித்தார். இயற்கை அன்னை. தன் கையாலேயே. நூல் பிடித்து. எள்ளளவும் இல்லை.

"இத எழுதினது ஆர்?"

"நான்" என்றேன்.

அந்த அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க இஞ்சத்த பிள்ளதானே? கதியால் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்." அதிகாரியிடம் திரும்பினேன். "ஐயா, அது வேலிதான். நான் என் கண்ணால கண்டன். இத... இத நான் பகிடிக்கு எழுதினன்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப, இப்ப நீங்க சொல்றதும் பகிடியா?"

துரை என் தோளைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார். துரையை முட்டாள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அவருக்குக் கதியால் தெரியாது, தெரியாமல் செய்தார். நான் தெரிந்து செய்தேன். அன்றைக்கு என் மேல் எனக்கு வந்த அருவருப்பு, அவர்கள் எல்லார் மேலும் சேர்த்து எனக்கு வந்ததில்லை.

மழை முடிந்ததும் தானே நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அதிகாரி கோப்பை மூடினார். "அப்ப அங்க என்ன கிடக்கோ, அத வச்சித்தான் முடிவு." அடுத்த நாள் நான் வேலையை விட்டேன். தியாகமெல்லாம் இல்லை. துரையின் முகத்தைப் பார்க்கும்போது என் முகம் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மழைக்காட்டைத் தேடி வந்தவர்கள் மழையைக் கண்டதும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். அடுத்த கோடைக்கு வருவார்களாம். நான் பஸ்ஸில் போய் இறங்கி, கிரவல் பாதையில் சேறு முழங்கால் மட்டும் அப்ப நடந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. மன்னிப்புக் கேட்க ஒரு வசனம் வைத்திருந்தேன், நல்ல தமிழில்.

அக்கா தலையில் உரப்பை ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு வளவில் நின்றார். தறித்த அடிக்கட்டைகள் துளிர்த்திருந்தன. தறித்துக் குவித்த தடிகளில் உயிர் இருந்ததைப் பொறுக்கி, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஊன்றிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்திருந்தது. மூன்று பக்கம் கிடந்தது. அதிகாரி வருவதற்குள் அவை வேர்விட வேண்டும்.

"அக்கா" என்று என் வசனத்தைத் தொடங்கினேன்.

அவர் அதைக் கேட்க நிற்கவில்லை. கையில் இருந்த தும்புக் கயிற்றின் ஒரு நுனியை என்னிடம் நீட்டினார். மறுநுனியை எடுத்துக்கொண்டு மழைக்குள் அந்த மூலைக்கு நடந்தார். அங்கே நின்று திரும்பி, குரலெடுத்துச் சொன்னார்.

"நேராப் பிடிங்க தங்கச்சி. இது பகிடி இல்ல."

பிடித்தேன்.