ரெலிபோனில் நடந்த சோதனை

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தை வீடு எரிந்தபோது, சறோஜினிதேவியின் சான்றிதழ்களும் அதோடு எரிந்துபோயின. கொழும்பில் பன்னிரண்டு வருடம் தொலைபேசித் தொழில்நுட்பம் படிப்பித்தவள் அவள். அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது, கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. பிறகு கரம்பொனில் அக்கா அன்னபூரணத்தின் வீட்டில் இருந்துகொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தாள்.

மூன்று வருடம் கழித்து, சாம்பியாவில் ஒரு பயிற்சிக் கல்லூரிக்குக் கண்ணாடி இழைத் தொடர்பு படிப்பிக்க ஆள் தேவை என்று பேப்பரில் கண்டு விண்ணப்பித்தாள். சான்றிதழ் இல்லாத காரணத்தையும் மறைக்காமல் எழுதினாள். பதில் வந்தது. வரும் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோருக்குத் தொலைபேசி எடுத்து அவளைச் சோதிப்பார்களாம்.

"என்னத்தைக் கேப்பினம்?" என்றாள் அன்னபூரணம்.

"லைனிலை ஒரு செக்கனுக்கு எவ்வளவு போகுது எண்ட கணக்குத்தான், அக்கா. கிலோபிட்டை மெகாபிட்டாக்கிறது, பிட்டை பைட்டாக்கிறது."

"அது உனக்குத் தண்ணிபட்ட பாடுதானே?"

"ஓம். ஆனா மூண்டு வருசமாத் தொடேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

புத்தகம் ஒன்றும் மிஞ்சவில்லை. பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தாள். ஒருவர் பேசும் பேச்சுக்கு அறுபத்துநாலு கிலோபிட். அப்படி முப்பது பேச்சை ஒன்றாகக் கட்டினால் இரண்டு மெகாபிட் லைன். அந்த லைன்களை நந்நாலாக மூன்று தரம் கட்டினால் பெரிய லைன். அதைப் பேச்சில் நூற்றுநாற்பது மெகாபிட் என்பார்கள். சரியான எண் வேறு. அது இரண்டு நாளாகப் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் கொடியில் உடுப்புக் காயப்போடும்போது சட்டென்று வந்தது: ஒரு லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து இருநூற்று அறுபத்துநாலு கிலோபிட். ஈரக்கையோடு ஓடிப்போய் எழுதிவைத்தாள்.

வியாழக்கிழமை பத்தரைக்கே தபாற்கந்தோருக்குப் போய்விட்டாள். தபாலதிபர் ஆழ்வாப்பிள்ளை தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை ஒன்று இழுத்துப் போட்டார். பதினொன்று அடித்தது. பன்னிரண்டும் ஆனது.

"யாழ்ப்பாணத்திலை லைன் கிடைக்கேல்லையாம், பிள்ளை. இரும், எப்பிடியும் எடுப்பினம்" என்றார்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. மறுமுனையில் ஆங்கிலத்தில் பேசியவர் கல்லூரி அதிபர். தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோலக் குரல் கேட்டது. நலம் விசாரித்த கையோடு கேள்விக்கு வந்துவிட்டார்.

"நூற்றுநாற்பது மெகாபிட் லைனில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசலாம்?"

கலண்டர்த் தாளில் கிடந்த எண்ணை அறுபத்துநாலால் பிரித்து, "இரண்டாயிரத்து நூற்று எழுபத்தாறு" என்று சொல்லிவிட்டாள். தாளின் மேல் வரியில் முப்பது பேச்சு என்று அவளே எழுதியிருந்தது கண்ணில் பட்டது. அப்போதுதான் பிழை விளங்கியது.

"மன்னிக்கவேணும். அது வெறும் வகுத்தல். எல்லாப் பிட்டிலும் பேச்சுப் போகாது. கட்டினதை மறுமுனையில் ஒழுங்காய்ப் பிரிக்கவே ஒரு பங்கு போய்விடும். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபது பேர்."

"சரி. அந்த லைனில் செக்கனுக்கு எத்தனை பைட்?"

"எட்டால் பிரித்தால் பதினேழு தசம் நாலு மில்லியன்."

"என் மாணவன் ஒருவன் பதினாறு தசம் ஆறு மெகாபைட் என்கிறான். கிலோவுக்கு ஆயிரத்து இருபத்துநாலு என்று கணக்குப் பார்த்தானாம். யார் சரி?"

இந்தக் கேள்வியைக் கொழும்பில் ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவன் அவளிடம் கேட்டிருக்கிறான். பயம் விட்டுப்போனது.

"கணினி நினைவகத்தை அளக்கிறவர்கள் அப்படி எண்ணுவார்கள். லைனில் கிலோ என்றால் ஆயிரம்தான். அவனுக்கு வகுத்தல் பிழைக்கவில்லை, அளவுகோல்தான் மாறிவிட்டது. அவனை ஏசாதீர்கள், ஐயா. முதல் நாளே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால்..."

டொக் என்று ஒரு சத்தம். அதோடு லைன் அறுந்தது.

ஆழ்வாப்பிள்ளை ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். தட்டினார், சுழற்றினார். "ஏலாது பிள்ளை. செத்துப்போச்சு" என்றார்.

முதல் விடை பிழைத்ததுதான் வீடு வரும்வரை மனதில் கிடந்து உளைந்தது. "போனது போகட்டும், வந்து சாப்பிடு" என்று அக்கா சொல்லியும் சோறு இறங்கவில்லை. ஒன்பது நாள் அப்படியே போனது.

பத்தாம் நாள் காலை ஆழ்வாப்பிள்ளை தானே சைக்கிளில் வந்து வாசல் படலையில் மணி அடித்தார். கையில் தந்தி. "வேறை ஆளிட்டைக் குடுத்துவிட மனம் வரேல்லை. நீரே வாசியும்" என்றார்.

வேலை தரப்படுகிறது, சான்றிதழ் வேண்டியதில்லை, தை மாதம் வகுப்புத் தொடங்கும் என்று இருந்தது. கடைசி வரியில், முதல் விடையை நீங்களே திருத்தியது எங்களுக்குப் பிடித்தது என்றும் சேர்த்திருந்தார்கள்.

சறோஜினிதேவி இரண்டு தரம் வாசித்தாள். குசினி வாசலில் அப்படியே குந்திவிட்டாள்.

"என்னடி, அழுறியா?"

"இல்லை அக்கா. பசிக்குது."

அன்னபூரணம் அவசரமாக அடுப்பை மூட்டினாள். ஆழ்வாப்பிள்ளையையும் மறித்துச் சாப்பிட வைத்தார்கள். மூன்று பேரும் கதைத்துக்கொண்டு சாப்பிட்டு முடிய மத்தியானமாகிவிட்டது. அவர் போனதும் சறோஜினிதேவி பாயை விரித்துப் படுத்தாள். பின்னேரம் பாடம் படிக்க வந்த பிள்ளைகளை, "நாளைக்கு வாங்கோ, ரீச்சர் நித்திரை" என்று அன்னபூரணம் மெல்லிய குரலில் திருப்பி அனுப்பினாள்.