நெத்திலியா, சாளையா

போன வாரம் என் மகளிடம் வெளியூர்ப் படிப்பு வேண்டாம் என்று சொன்னோம். அவள் "சரிம்மா" என்றாள், உடனே, சிரித்த முகமாய். அழுதிருந்தால் தேவலை. அந்தச் 'சரி'யை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பேட்டையில் எங்கள் வீட்டில் தங்கித்தான் சித்தி மீன்குஞ்சு ஆராய்ச்சி செய்தாள். அடிக்கடி புன்னக்காயலுக்குப் பஸ்ஸில் போய், ஆறு கடலில் சேரும் இடத்தில் மெல்லிய வலையால் அரித்து, மருந்து ஊற்றிய பாட்டில்களில் கொண்டுவருவாள். அந்தப் பாட்டில்கள்தான் அவளுடைய பட்டம். நாங்களோ முட்டைகூடத் தொடாத சைவக்காரர்கள். அம்மா விறகு அறையில் ஒரு பலகை ஒதுக்கிக் கொடுத்திருந்தாள்.

"சைவ வீட்டுல பிறந்துட்டு இந்தப் படிப்புதான் உனக்கு அம்புட்டுதா?" என்பார் அப்பா.

"திங்கவா செய்யுதேன், அத்தான்? பேருதானே வைக்கேன்."

பேர் வைப்பதுதான் பெரும்பாடு. அந்தப் பருவத்தில் எல்லாக் குஞ்சும் கண்ணாடி இழைபோல ஒன்றாகவே இருக்கும். முதுகுத் துடுப்பு முடிவதற்குள் அடித்துடுப்பு தொடங்கிவிட்டால் நெத்திலி, நடுவே இடைவெளி இருந்தால் சாளை என்று லென்ஸைக் கொடுத்துக் காட்டுவாள். நான் அவசரமாக ஏதோ ஒன்றைச் சொல்வேன்.

"ஏட்டி, பைய பாரு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. தப்பாப் பேரு சொல்லிராத."

ஏரலிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, மீன் நாற்றம் அடித்தால் சைவம்தானா என்று கேட்பார்களே என்று அம்மாவுக்குப் பயம். சித்தி தலை பின்னிக்கொண்டிருந்தபோது அப்பா பாட்டில்களைச் சாக்கில் கட்டி சைக்கிளில் கொண்டுபோனார். குப்பையில் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. குறுக்குத்துறையில் இறங்கி, ஆற்றில் கரைத்து, மூன்று முழுக்கும் போட்டுவிட்டு ஈரவேட்டியோடு வந்தார்.

"செத்தாலும் பச்சப் பிள்ளையள்லா. ஆத்தோட போகட்டும்" என்றார் அம்மாவிடம்.

வந்தவர்கள் பூ வைத்துவிட்டுப் போன பிறகுதான் சித்தி விறகு அறைக்குப் போனாள். காலிப் பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"எல்லாத்தையுமா, அத்தான்?"

"இனி எதுக்கும்மா உனக்கு அது?"

"சரி" என்றாள், சிரித்த முகமாய்.

மறுநாள் அவளோடு குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனேன். படித்துறை ஓரம் பொடிக் குஞ்சுகள் கூட்டமாய் நின்றன.

"சித்தி! உன் மீனெல்லாம் பிழைச்சிட்டு!"

உப்புத்தண்ணீர்க் குஞ்சு இவ்வளவு தூரம் ஆற்றில் ஏறிவராது என்று அவளே சொல்லித் தந்திருந்தது எனக்கு மறந்துபோயிருந்தது. சித்தி குத்தவைத்து உட்கார்ந்தாள். லென்ஸில் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நெத்திலியா, சாளையா?" என்றேன்.

"நெத்திலிதாம்ட்டி."

ஈரப்பாவாடையோடு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கும் ஒரே சந்தோஷம். சித்தி பேர் சொன்னால் தப்பாகவே இருக்காது என்று அன்று முழுக்கத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.