எனக்கென்று ஒரு பந்தல்

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், எங்கள் ஊருக்குப் பிரியும் இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. கடைக்குள் இரண்டு பெஞ்சு. வெளியே ஒரு மூங்கில் தூண். தூணில் ஆணிகள், ஆணிகளில் காது வைத்த அலுமினியக் குவளைகள். அவை எங்கள் காலனிக்காரர்களுக்கு. நாங்களே எடுத்து நீட்டி, குடித்து, நாங்களே கழுவித் திரும்ப மாட்டிவிட வேண்டும். பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. மழை மேலிருந்து கீழே பெய்யும் என்று யாராவது சொல்லித் தருகிறார்களா என்ன?

எழுபதுகளின் நடுவில், நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த சமயம் அது. நான் செங்கல்பட்டில் தங்கிப் பள்ளி இறுதிவரை படித்துவிட்டு, வேலைக்குப் பதிந்து வைத்து, அது வரும்வரை சாலைக்கு ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா ஏரிக்கரையை ஒட்டி நிலம் வைத்திருந்த ஒரு பெரிய விவசாயியிடம் கூலிவேலை செய்தார். அந்த விவசாயியைப் பெரிய வீட்டுக்காரர் என்றுதான் ஊரே சொல்லும். நைனாவுக்கு வலது காலில் யானைக்கால் வியாதி. நிற்பார், நடப்பார், நாளெல்லாம் மண்வெட்டி பிடிப்பார். கீழே குந்தி எழுந்திருப்பது மட்டும் ஆகாது. அதனால் காலை டீயை ரோட்டோரப் புங்கமரத்தில் சாய்ந்து, வீங்கிய காலை ஒரு கல்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, நின்றபடியே குடிப்பார். எதிரே பெஞ்சு பாதி காலியாகக் கிடக்கும். எனக்கு அப்போது இருந்தது ஒரே ஆசை. உத்தியோகம்கூட அதற்கு அப்புறம்தான். நைனா ஒரு நாளாவது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பதை நான் பார்க்க வேண்டும்.

அந்தக் கடையில் தினமும் காலையில் பேப்பரை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பது வழக்கம். படித்து வந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா, மகனோடு இருக்க ஊரப்பாக்கம் போய்விட்டார். மிச்சம் இருந்தவர்கள் எழுத்துக்கூட்டுகிறவர்கள். ஒரு தலைப்பைத் தாண்டுவதற்குள் டீ ஆறிவிடும். சில நாட்கள் பேப்பர் மடிப்புக் கலையாமலே கிடந்தது. கடைசியில் கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"டேய், நீ படிச்சவனாச்சே. அங்கியே நின்னுகினு படி. சத்தமா படி, உள்ள கேக்கணும்."

பேப்பரை வாசல் பக்கத்துப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார், நான் வெளியிலிருந்தே எடுத்துக்கொண்டேன். நான் படித்து முடித்ததும் அதே பேப்பர் உள்ளே போய்க் கைமாறி, கடைசியில் போண்டா எண்ணெய் ஒற்றப் பயன்படும். பேப்பருக்குத் தீட்டு கிடையாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த நாளில் தணிக்கையால் பேப்பரில் உள்ளூர்ச் சேதி எல்லாம் இளைத்துப்போய், வெளிநாட்டுச் சேதி கொழுத்திருந்தது. அப்படித்தான் தென்னாப்பிரிக்கா எங்கள் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. ஒரு நாள் காலை எந்த நினைப்பும் இல்லாமல் படித்துக்கொண்டே போகிறேன். அங்கே வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு, கறுப்பர்களுக்கு ஒரு பெஞ்சு. தனி வாசல், தனிக் குழாய், தனிப் பள்ளிக்கூடம். வாய் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தது, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இந்த உலகத்திலேயே எங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். பேர் சொல்ல நாக்குப் புரளாத ஊர்களில் யாரோ ஒருவன் என்னைப் போலவே வெளியே நின்றுகொண்டிருக்கிறான்!

அன்றைக்கு வேலை முடிந்ததும் மாமல்லபுரம் போய்க் கடற்கரையில் நின்றேன். அலைக்கு அந்தப் பக்கம் அவன் இருக்கிறான் என்று நினைத்து, ஆள் தெரியப்போகிற மாதிரி வெகுநேரம் பார்த்தேன். அந்தத் திசையில் இருப்பது பர்மா என்பது திரும்பி வரும்போதுதான் உறைத்தது. பூகோளத்தில் நான் எப்போதுமே மட்டம். இருக்கட்டும், தண்ணீர் ஒன்றுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைக்குள் இருந்தவர்களும் கொதித்துப்போனார்கள். அது வேஷம் இல்லை, நிஜமான கொதிப்பு. பெரிய வீட்டுக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு கத்தினார்.

"இன்னா அக்கிரமம்யா இது! ஒரே பெஞ்சுல குந்தினா இன்னா தேஞ்சாபூடும் அவனுக்கு?"

அதிலிருந்து அது ஒரு அன்றாடப் பழக்கமாகிவிட்டது. பல் விளக்குகிற மாதிரி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி. நான் பேப்பரைப் பிரித்ததும் உள்ளே இருந்து குரல் வரும், "மொதல்ல கறுப்பருங்க சேதி படி, சினிமா அப்பால." சொந்த மண்ணில் நடமாட அவர்கள் பாஸ் காட்ட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டோம். ஆள்கிறவனின் பாஷையில் படிக்கமாட்டோம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவில் இறங்கியதைப் படித்தேன். தமிழ்நாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளைச் சுட்டார்கள் என்று படித்தபோது கடைக்காரர் பாலைப் பொங்கவிட்டுவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துப்பாக்கிக்கு எதிரே நிற்கக் குழந்தைகளுக்கு எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல்? எனக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது, ஒரு மூங்கில் தூணைத் தாண்ட முடியவில்லை. அவர்களை நினைத்து நினைத்து மலைத்துப்போனேன்.

நைனாவும் புங்கமரத்தடியில் நின்று கேட்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் புள்ளைங்கள பெஞ்சுல குந்த வுட்டாங்களா?"

"இன்னும் இல்ல நைனா."

"நாளைக்கி பாரு" என்பார், பேப்பரை நான்தான் அச்சடிக்கிறேன் என்பதுபோல.

படிப்பதற்காகக் கடைக்காரர் எனக்குத் தனியாகச் சலுகை காட்டினார். குவளை தளும்ப டீ, இரண்டு பங்கு சர்க்கரை. அதே குவளையில்தான். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. நான் வெளியே நின்று படித்ததில் பேப்பர் ஊறிக் கையோடு பிய்ந்துவந்தது, எனக்கும் காய்ச்சல் வந்தது. உள்ளே இருந்தவர்கள் நிஜமாகவே வருத்தப்பட்டுக் கூடிப் பேசினார்கள். பெரிய வீட்டுக்காரர் தன் தோப்பிலிருந்து மூங்கிலும் தென்னங்கீற்றும் அனுப்பினார். கடைக்காரர் கயிறு வாங்கிவந்தார். ஒரு நாள் முழுக்க வேலை செய்து, கடையின் கூரையை ஒட்டி, வெளியே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு பந்தல் போட்டார்கள். எனக்கே எனக்கென்று!

"இனிமே நனையாம படிடா" என்று பெரிய வீட்டுக்காரர் வாய் நிறையச் சொன்னார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. என்மேல் இத்தனை பிரியமா என்றுதான் முதலில் தோன்றியது.

மாமல்லபுரத்துப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா தினம் கூடையோடு வருவார். உள்கிராமங்களுக்குப் போகும் வழியில் கடையில் ஒரு டீ. கிளாஸில்தான் கொடுப்பார்கள், ஆனால் மீன் கவிச்சிக்காக அவரும் வெளியேதான் நிற்க வேண்டும். அன்றைக்குப் புதுப் பந்தலை மேலும் கீழும் பார்த்தார். நான் வழக்கம்போலத் தனிக் குழாய் சேதியைப் படித்தேன். உள்ளே வழக்கம்போலக் கத்தினார்கள். அவர் டீயைக் குடித்து முடித்துக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நானும் எத்தினி நாளா கேட்டுகினு கீறேன். அந்த ஊர்ல தனி பெஞ்சு, தனிக் கொழான்னு தொண்ட கிழிய கத்துறீங்களே நைனாங்களா, தோ தூண்ல தொங்குதே, அது இன்னா, மாவிலத் தோரணமா? ஒரு எட்டு உள்ள வந்தா இந்தப் புள்ள நனையப் போறதில்ல. அதுக்கு மூங்கிலு, கீத்து, கயிறு, ஒரு நாளு வேலையா? வெள்ளக்காரனுக்கே இந்த ரோசன வராதுடா சாமி!"

பாய்லர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தனை நாள் அந்தக் குவளைகளுக்கு எதிரே உட்கார்ந்தவர்கள், அன்றுதான் முதல் முறையாகத் தலையைத் திருப்பி அவற்றைப் பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதை நான் பார்த்தேன்.

"மீன் விக்கறவள்லாம் ஞாயம் பேச வந்துட்டா" என்று பெரிய வீட்டுக்காரர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். கூடையைத் தலையில் ஏற்ற வழக்கமாக யாராவது கை கொடுப்பார்கள். அன்று யாரும் எழுந்திருக்கவில்லை. "நீ தூக்கி வுடு" என்றார் அந்தம்மா என்னிடம். தூக்கிவிட்டேன். ஒன்றுமே நடக்காத மாதிரி அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

நைனாவின் பிழைப்பே பெரிய வீட்டுக்காரர் கையில்தான் இருந்தது. அதை நினைத்து, நாளை முதல் கடைப் பக்கம் போகப்போவதில்லை என்று வீட்டில் சொன்னேன். நைனா காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"போவாம? பேப்பரு வரும். அந்தப் புள்ளைங்க சேதி தெரிய வாணாமா?"

மறுநாள் போனேன். தூணில் குவளைகள் இல்லை. ஆணிகளும் இல்லை, பிடுங்கிய ஓட்டைகள்தான் இருந்தன. கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார், "காத்து அடிக்குது. பேப்பரு பறக்குது. உள்ள வந்து படி."

வெளியே புங்கமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

உள்ளே போனேன். ஒரே ஒரு எட்டுதான். கண்ணாடி கிளாஸில் டீயை ஊற்றிப் பெஞ்சின் மேல் வைத்தார். வழக்கமாக நெருக்கியடித்து உட்காரும் பெஞ்சுகளில் அன்று இரண்டே பேர். வியாபாரம் பாதிக்குமேல் போய்விட்டது. அந்த மனுஷர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குப் பொங்கிய பாலுக்காக அழுதவர் இல்லை அவர் என்று எனக்கு அப்போது புரிந்தது. அவரை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

ஆனால் நைனா வரவில்லை. கடைக்காரரே கூப்பிட்டார்.

"இருக்கட்டும் ஆண்ட, இங்கியே காத்தா கீது" என்று மரத்தடியிலேயே நின்றுவிட்டார் நைனா. நான் கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். அசையவில்லை. தூணில் இருந்த ஆணியைக் குறடு வைத்துப் பிடுங்கிவிடலாம். இதற்கு என்ன செய்வது?

பெரிய வீட்டுக்காரர் கொஞ்ச நாள் சாலையின் அடுத்த முனையில் இருந்த கடைக்குப் போனார். அங்கே டீ நன்றாகவே இருக்கும், பேப்பர் படிக்கத்தான் ஆள் இல்லை. பழக்கம் யாரை விட்டது? ஒரு நாள் காலை துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். எங்கே? எனக்காகப் போட்ட பந்தலின் கீழே. குவளையை எடுத்துவிட்ட கடைக்குள் அவர் காலை வைக்கமாட்டார். முகத்தை ரோட்டுப் பக்கமும் காதை உள்பக்கமும் திருப்பிக்கொண்டு கறுப்பர்களின் சேதியை முழுக்கக் கேட்டுவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். நான் உள்ளே, அவர் வெளியே. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு படித்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை மழை கொட்டியது. புங்கமரம் ஒழுகி, நைனா கோணிப்பையைத் தலையில் போட்டபடி நனைந்துகொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் பந்தலை நோக்கி விந்தி விந்தி வந்தவர், பாதியில் நின்றுவிட்டார். பந்தலில் பெரிய வீட்டுக்காரர். ஓர் ஆளுக்குத்தான் இடம். ஆண்டை பக்கத்தில் உரசிக்கொண்டு நிற்பதா? நைனா மழையிலேயே நின்றார்.

பெரிய வீட்டுக்காரருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இங்க இன்னாத்துக்கு வர்ற? அதான் உள்ள அவ்ளோ எடம் கீதே, போயேன்!"

சொன்னது கோபத்திலா, பந்தலில் இடம் விடப் பிடிக்காமலா, இல்லை மனசாரத்தானா, எனக்கு இன்றுவரை தெரியாது. சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் திகைத்த மாதிரி இருந்தது. நைனா ஆயுசில் அவர் பேச்சைத் தட்டியதில்லை. அதனால் உள்ளே வந்தார்.

வந்து, பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி முன்னால் நீட்டிக்கொண்டார். கோணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கடைக்காரர் கிளாஸை அவர் கையிலேயே கொடுத்தார். நைனா சூடாகக் குடித்து முடித்து, பழக்கதோஷத்தில் கழுவ எழுந்தார். "குடு" என்று கடைக்காரர் அந்த எச்சில் கிளாஸைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

நான் படிப்பதை நிறுத்தியிருந்தேன். எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இன்னா நிறுத்திட்ட? படி" என்றார் நைனா. "அந்தப் புள்ளைங்கள குந்த வுட்டாங்களா?"

"இன்னும் இல்ல நைனா."

அவர் தலையை ஆட்டினார். பிறகு வீங்கிய காலை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தி, பெஞ்சின் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்.